மொத்தமாகத் திருத்தும்போது: சொத்துப் பதிவேடு பற்றிய வாசகர் கேள்விகள்

அலுவலகச் சொத்துப் பதிவேட்டை எக்ஸெல் கோப்பு வழியாக மொத்தமாகத் திருத்துவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு மென்பொருள்களைப் பயன்படுத்துவதால், எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை விட்டுவிட்டு, எல்லா மென்பொருள்களுக்கும் பொருந்துகிறவற்றையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் இரண்டு துறைகள் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டன. மேசை, கணினி, ஆய்வகக் கருவி என ஏறத்தாழ 600 பொருள்களின் இருப்பிடத்தைப் பதிவேட்டில் திருத்த வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினால் வாரக்கணக்கில் ஆகும். மென்பொருளில் கோப்பைப் பதிவேற்றித் திருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் கைவைக்கப் பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது? — கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். பதிவேற்றும் கோப்பைப் பலர் பதிவேட்டின் ஒரு பிரதியாக நினைக்கிறார்கள். உண்மையில் அது மென்பொருளுக்கு நீங்கள் இடும் கட்டளை. அதில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அது சரியா தவறா என்று பாராமல் மென்பொருள் அப்படியே நிறைவேற்றிவிடும். ஆகவே, மாற்ற விரும்பாத எதுவும் கோப்பில் இருக்கக் கூடாது என்பதே முதல் விதி.

முதலில் பதிவேட்டிலிருந்து அந்த இரண்டு துறைகளின் பொருள்களை எக்ஸெல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அதை நாளும் நேரமும் சேர்த்துப் பெயரிட்டு, இனித் திறந்து திருத்தாத ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள். பின்னால் ஏதாவது கோளாறு நேர்ந்தால் உங்களுக்கு மிஞ்சும் ஆதாரம் அது ஒன்றுதான். அதன் நகலை எடுத்து, அந்த நகலில் வேலை செய்யுங்கள். நகலில் சொத்து எண், இருப்பிடக் குறியீடு ஆகிய இரண்டு நெடுவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் நீக்கிவிடுங்கள். உங்கள் மென்பொருள் தனக்குத் தெரியாத நெடுவரிசைகளைப் பொருட்படுத்தாது என்றால், உங்கள் கண்ணுக்கு அடையாளமாகப் பொருளின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

நீக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை கோப்பை இறக்கி, வியாழக்கிழமை பதிவேற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடையில் செவ்வாயன்று ஆய்வகப் பொறுப்பாளர் மாறி, அலுவலகத்தில் வேறொருவர் பொறுப்பாளரின் பெயரைப் பதிவேட்டில் நேரடியாகத் திருத்தியிருக்கிறார். உங்கள் கோப்பில் பொறுப்பாளர் நெடுவரிசையும் இருந்தால், அதில் திங்கட்கிழமைப் பெயர்தான் இருக்கும். வியாழனன்று நீங்கள் இருப்பிடத்தை மாற்றும்போது, உங்களுக்கே தெரியாமல் புதிய பொறுப்பாளரை நீக்கிப் பழையவரை மீண்டும் அமர்த்திவிடுவீர்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. 600 பொருள்களும் வெற்றிகரமாகத் திருத்தப்பட்டன என்றே திரையில் காட்டும். தணிக்கையின்போதுதான் அது வெளிப்படும், அதுவும் யாராவது கூர்ந்து பார்த்தால்தான்.

அடுத்தது, புதிய கட்டடத்தின் அறைகள் இருப்பிடப் பட்டியலில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத அறையைக் கோப்பில் எழுதினால், கண்டிப்பான மென்பொருள் அந்த வரியை நிராகரிக்கும். இளகிய மென்பொருளோ நீங்கள் எழுதியபடியே புதிய அறையொன்றை உருவாக்கிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. ‘வேதியியல் ஆய்வகம் 2’ என்றும் ‘வேதியியல் ஆய்வகம்-2’ என்றும் எழுதியிருந்தால், ஒரே அறை இரண்டு அறைகளாகிவிடும்.

பிறகு ஐந்தே ஐந்து வரிகளை மட்டும் தனிக் கோப்பாக்கிப் பதிவேற்றுங்கள். அந்த ஐந்தையும் பட்டியலின் தலையிலிருந்து எடுக்காமல், விதவிதமானவையாகப் பொறுக்கி எடுங்கள்: எண்ணின் தொடக்கத்தில் பூஜ்யம் உள்ளது ஒன்று, பெயரில் காற்புள்ளியோ மேற்கோள் குறியோ உள்ளது ஒன்று, ஏற்கெனவே ஒருமுறை இடம் மாறியது ஒன்று என்றபடி. பதிவேற்றியதும் மென்பொருளில் அந்த ஐந்து பதிவுகளையும் திறந்து, இருப்பிடம் மாறியிருக்கிறதா என்பதோடு மற்றவை மாறாமல் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். முதல் பாதியைப் பார்க்கும் பலர் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மீதியைப் பதிவேற்றியபின் கூட்டல் கணக்குப் போடுங்கள். கோப்பில் 595 வரிகள் இருந்தால், திருத்தப்பட்டவை, மாற்றமில்லாதவை, நிராகரிக்கப்பட்டவை, புதிதாக உருவானவை ஆகிய நான்கையும் கூட்டினால் 595 வர வேண்டும். புதிதாக உருவானவை என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். அங்கே ஒன்று என்று காட்டினாலும் அது எந்தப் பதிவு என்று கண்டுபிடிக்காமல் அன்றைய வேலையை முடிக்க வேண்டாம்.

கேள்வி: அந்தப் பூஜ்யம் எங்களுக்கு 412 என்று வந்துவிட்டது. உத்தரவாதக் காலம் முடியும் தேதியைத் திருத்தக் கோப்பைப் பதிவேற்றினோம்; பழைய பதிவுகள் அப்படியே இருக்க, அதே பொருள்களுக்குப் புதிதாக 412 பதிவுகள் முளைத்துவிட்டன. ஏன்? — தகவல் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த வாசகர்

பதில்: கோப்பிலுள்ள வரி எந்தப் பதிவைக் குறிக்கிறது என்பதை மென்பொருள் ஒரு நெடுவரிசையை வைத்தே தீர்மானிக்கிறது. அது பொருந்தினால் திருத்தம், பொருந்தாவிட்டால் புதுப் பதிவு என்பது பெரும்பாலான மென்பொருள்களின் வழக்கம். பல நிறுவனங்கள் பயன்படுத்தும் சர்வீஸ்நவ் என்ற மென்பொருளில் இந்த நெடுவரிசையை நாமே ‘கோஅலஸ்’ என்று குறித்துக் காட்ட வேண்டும். ஒன்றையும் குறிக்காவிட்டால் ஒவ்வொரு வரியும் புதுப் பதிவாகவே நுழையும். உங்கள் மென்பொருளிலும் அதுபோன்ற ஒரு தேர்வு இருக்கும். ‘ஏற்கெனவே உள்ளவற்றை மட்டும் திருத்து’ என்ற விருப்பம் தென்பட்டால், திருத்த வேலைக்கு எப்போதும் அதையே தேர்ந்தெடுங்கள். பொருந்தாத வரி அப்போது புதுப் பதிவாக மாறாமல், பிழைப் பட்டியலில் வந்து நிற்கும்.

கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் எண்கள் பொருந்தாமல் போவதற்கு, எண்ணின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியே பெரும்பாலும் காரணம். எக்ஸெலில் ‘லென்’ என்ற சூத்திரம் எழுத்துகளின் எண்ணிக்கையைக் காட்டும். எட்டு எழுத்துள்ள சொத்து எண்ணுக்கு அது ஒன்பது என்று காட்டினால் அங்கே ஒரு இடைவெளி ஒளிந்திருக்கிறது என்று பொருள். ‘ட்ரிம்’ சூத்திரம் சாதாரண இடைவெளியை நீக்கிவிடும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய எண்களில் வரும் உடையா இடைவெளி 160 என்ற குறியெண் கொண்டது. அதை ‘ட்ரிம்’ தொடாது. அதை ‘சப்ஸ்டிட்யூட்’ சூத்திரத்தால்தான் அகற்ற வேண்டும். ஆங்கில ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும் இடம் மாறியிருப்பது இன்னொரு பழைய வில்லங்கம்.

அடையாள நெடுவரிசையாகத் தயாரிப்பாளரின் சீரியல் எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நாற்காலிக்கும் மேசைக்கும் சீரியல் எண்ணே இருக்காது. இருக்கிற பொருள்களிலும் அது கையால் தட்டச்சு செய்யப்பட்டுப் பிழையோடு நிற்பது சகஜம். இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்கள் ஒரே எண்ணை வெளியிடவும் தடையில்லை. மென்பொருள் தானே ஒவ்வொரு பதிவுக்கும் கொடுத்திருக்கும் உள் அடையாள எண்ணை இறக்கிக்கொள்ள முடியுமானால், அதுவே மிகப் பாதுகாப்பானது. அது இல்லாவிட்டால் பொருளில் ஒட்டியிருக்கும் சொத்து எண்.

முளைத்துவிட்ட 412 பதிவுகளை உடனே அழித்துவிட வேண்டாம். உருவாக்கிய நேரத்தையும் பயனர் பெயரையும் வைத்து அவற்றை வடிகட்டி எடுங்கள். இடைப்பட்ட நாள்களில் யாராவது புதுப் பதிவின் மேல் பழுதுபார்ப்புக் குறிப்போ ஒப்படைப்பு விவரமோ எழுதியிருந்தால், அதைப் பழைய பதிவுக்கு மாற்றியபின் அழியுங்கள். பதிவேடு கணக்குப் பிரிவோடு இணைந்திருந்தால், புதுப் பதிவுகளின் மேல் தேய்மானம் (பொருளின் மதிப்பில் காலப்போக்கில் குறைத்து எழுதும் தொகை) ஓடிவிட்டதா என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது கட்டாயம்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் பதிவேற்றம் பிழையில்லாமல் முடிந்தது, எண்ணிக்கையும் சரியாக வந்தது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வென்டிலேட்டர் சலவைக்கூடத்தில் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. இப்படி நூற்றுக்கும் மேற்பட்டவை இடம் பெயர்ந்து கிடக்கின்றன. மென்பொருளின் குறையா? — உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவு வாசகர்

பதில்: மென்பொருளின் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு, கோப்பு தயாரான இடத்தில் தேடுங்கள். மூன்று சந்தேகங்கள் எங்களுக்கு உண்டு.

ஒன்று, ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தியது. எக்ஸெல் அப்போது மற்ற நெடுவரிசைகளையும் சேர்த்து அடுக்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், சொத்து எண்கள் நின்ற இடத்திலேயே நிற்க, இருப்பிடங்கள் மட்டும் வரிசை மாறிவிடும். இப்படி நடந்திருந்தால் தவறுகள் கோப்பு முழுவதும் பரவியிருக்கும்.

இரண்டு, வடிகட்டிய பட்டியலில் ஒட்டியது. வடிகட்டி போட்டு நாற்பது வரிகளை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு, வேறிடத்திலிருந்து நகலெடுத்த நாற்பது இருப்பிடங்களை ஒட்டும்போது, எக்ஸெல் அவற்றை மறைந்திருக்கும் வரிகளிலும் சேர்த்துத் தொடர்ச்சியாக ஒட்டிவிடும். திரையில் தெரியும் வரிகளில் சில பழைய மதிப்போடு இருக்க, கண்ணில் படாத வரிகள் கெட்டுப்போகும். தவறுகள் திட்டுத்திட்டாக, அடுத்தடுத்த வரிகளில் காணப்பட்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்று, ‘வி-லுக்அப்’ சூத்திரம். இதன் நான்காவது உள்ளீட்டை எழுதாமல் விட்டால், துல்லியமான பொருத்தம் கிடைக்காதபோது ஏறத்தாழப் பொருந்தும் ஒன்றை எக்ஸெல் எடுத்துத் தரும். கேட்ட எண் பட்டியலிலேயே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு விடை வருமே தவிர, இல்லை என்று சொல்லாது. ஒரே இருப்பிடம் பல பொருள்களுக்குத் திரும்பத் திரும்ப வந்திருந்தால் இதைப் பாருங்கள். நான்காவது உள்ளீடாகப் பூஜ்யம் எழுதுவது, அல்லது இயல்பிலேயே துல்லியப் பொருத்தம் தேடும் ‘எக்ஸ்-லுக்அப்’ சூத்திரத்துக்கு மாறிக்கொள்வது இதற்குத் தீர்வு. எந்தச் சூத்திரமானாலும், பதிவேற்றும் முன் முழு நெடுவரிசையையும் நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள். வேறு கோப்பைச் சார்ந்த சூத்திரத்தோடு கோப்பை அனுப்புவது நல்லதல்ல.

உயிர்காக்கும் கருவிகள் என்பதால், கோப்பைத் திருத்தி மீண்டும் ஏற்றுவதோடு நிறுத்தாமல், அந்தக் கருவிகளையேனும் நேரில் சென்று ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: கோப்பில் வண்ணம் தீட்டி, பழுதான பொருள்களைச் சிவப்பில் காட்டியிருந்தேன். பதிவேற்றியபின் அது எங்குமே தெரியவில்லை. — ஒரு வாசகர்

பதில்: தெரியாது. வண்ணம், கட்டத்தோடு இணைத்த குறிப்பு, தடித்த எழுத்து ஆகிய எதையும் பதிவேற்றம் எடுத்துக்கொள்வதில்லை. பழுது என்பதை ‘நிலை’ என்ற நெடுவரிசையில், மென்பொருள் ஏற்கும் சொல்லாக எழுதுங்கள். பல கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தால் (மெர்ஜ்) அவற்றையும் பிரித்துவிடுங்கள். இணைத்த கட்டத்தின் மதிப்பு முதல் வரிக்கு மட்டுமே சேரும், கீழே உள்ளவை காலியாகவே போகும்.

கேள்வி: சொத்து எண் 00457 என்பது 457 ஆகிவிடுகிறது, பார்கோடு எண் விநோதமான வடிவத்துக்கு மாறுகிறது, தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் இதே தொல்லை. — கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர்

பதில்: இது உங்கள் கவனக்குறைவால் வருவதல்ல. எண்ணைப் போலத் தோன்றும் எதையும் எண்ணாகவும், தேதியைப் போலத் தோன்றும் எதையும் தேதியாகவும் எடுத்துக்கொள்வது எக்ஸெலின் இயல்பு. உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்களும் இதில் அகப்பட்டிருக்கிறார்கள். ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று தொடங்கும் மரபணுக் குறியீடுகளை எக்ஸெல் தேதிகளாக மாற்றியதால் ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புகளில் பிழைகள் மலிந்தன; கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020இல் அந்தக் குறியீடுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் அமைப்பு 2023இல்தான் எக்ஸெலுக்கு வந்தது. உங்களிடம் புதிய பதிப்பு இருந்தால் முதல் வேலையாக அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவிடுங்கள்.

நீண்ட எண்களுக்கு வருவோம். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டவை பூஜ்யங்களாகிவிடும். 19 இலக்கமுள்ள சிம் அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இப்படித்தான் தொலைகின்றன, தொலைந்தவற்றை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. 13 இலக்கப் பார்கோடு முழுமையாகத்தான் இருக்கும்; ஆனால் பொது வடிவத்தில் உள்ள கட்டத்தில் அது 8.90123E+12 என்பது போல அறிவியல் குறியீட்டு முறையில் சுருக்கமாகக் காட்டப்படும். அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தால், எக்ஸெல் திரையில் காட்டியதையே எழுதிவைக்கும். அப்போது அதுவும் தொலைந்தது. நடுவில் ஆங்கில ‘இ’ எழுத்தும் மற்றபடி இலக்கங்களும் கொண்ட சீரியல் எண்களையும் எக்ஸெல் இதே முறையில் பெரிய எண்ணாகப் புரிந்துகொள்ளும்.

தட்டச்சு செய்வதற்கு முன்பே நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் வழி. தட்டச்சு செய்தபின் மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கவே திறக்காதீர்கள். சிஎஸ்வியில் வடிவம் என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எக்ஸெல் தன் ஊகத்தைப் புதிதாகத் தொடங்கும். ‘டேட்டா’ பட்டியலிலுள்ள இறக்குமதி வசதி வழியாகத் திறந்து, அடையாள எண்கள் உள்ள நெடுவரிசைகளை எழுத்தாகவே ஏற்கச் சொல்லுங்கள். கோப்பில் பூஜ்யங்கள் இருக்கின்றனவா என்று வெறுமனே பார்க்க வேண்டுமானால் நோட்பேடில் திறந்து பாருங்கள். அது எதையும் மாற்றாது.

தேதி விஷயத்தில் நுணுக்கமான ஒன்று உண்டு. கணினி மாதத்தை முதலில் எழுதும் முறையில் அமைந்திருக்க, நீங்கள் நாளை முதலில் எழுதினால், 03/04/2024 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகிவிடும். ஆனால் 25/04/2024 என்பதில் 25ஆம் மாதம் இல்லாததால், எக்ஸெல் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும். இதன் விளைவாக ஒரே நெடுவரிசையில் 12ஆம் தேதி வரையுள்ளவை தலைகீழாகவும் மற்றவை அப்படியேயும் நிற்கும். தேதி நெடுவரிசையில் சில கட்டங்கள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் இருந்தால், இந்தக் கலப்படம் நடந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். மென்பொருள் ஏற்குமானால் 2024-04-03 என்று ஆண்டை முதலில் வைத்து எழுதுவதே சிறந்தது. ஐஎஸ்ஓ 8601 தரநிலையும் அதுவே. பதிவேற்றியபின் தேதிக்குப் பதில் 45000 என்பது போன்ற எண் வந்தால் திகைக்க வேண்டாம். அது எக்ஸெல் தேதிகளை உள்ளே எண்ணிவைக்கும் வரிசை எண். 45000 என்பது 2023 மார்ச் 15.

இறுதியாக ஒன்று: நீண்ட எண்களில் இரட்டிப்பு இருக்கிறதா என்று ‘கவுண்ட்இஃப்’ சூத்திரத்தால் சோதிப்பவர்கள் உண்டு. நீங்கள் எழுத்தாகவே வைத்திருந்தாலும் அந்தச் சூத்திரம் அவற்றை எண்களாக எடுத்துக்கொள்ளும். முதல் 15 இலக்கங்கள் ஒன்றாக இருந்தால் வெவ்வேறு எண்களையும் இரட்டிப்பு என்றே சொல்லும்.

கேள்வி: கட்டத்தைக் காலியாக விட்டால் பழைய விவரம் நிற்குமா, அழிந்துவிடுமா? — நூலக உதவியாளர் ஒருவர்

பதில்: மென்பொருளைப் பொறுத்தது, எனவே முக்கியமில்லாத ஒரு பதிவில் சோதித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். சில மென்பொருள்கள் காலிக் கட்டத்தைத் தொடாமல் தாண்டிப்போகும். சில, பழைய மதிப்பை அழித்துவிடும். கட்டாய விவரம் என்றால் வரியையே நிராகரிப்பவையும் உண்டு. அழிக்க விரும்பும் இடத்தில் ஒரு கோடோ ‘இல்லை’ என்ற சொல்லோ எழுதுவது தீர்வாகாது. அந்தக் கோடும் சொல்லுமே பதிவேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். நெடுவரிசையைக் காலியாக விடுவதும் நெடுவரிசையையே நீக்கிவிடுவதும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். கோப்பில் இல்லாத நெடுவரிசையால் பொதுவாக எந்த விவரமும் அழிவதில்லை.

கேள்வி: பொருளின் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தோம். பதிவேற்றியபின் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. — பள்ளி அலுவலக உதவியாளர் ஒருவர்

பதில்: சாதாரண ‘சிஎஸ்வி’ என்ற தேர்வில் சேமித்திருப்பீர்கள். அந்தத் தேர்வு பயன்படுத்தும் பழைய எழுத்துத் தொகுப்பில் தமிழுக்கு இடமில்லாததால், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக எழுதப்படுகிறது. கோப்பிலேயே அது கேள்விக்குறிதான், இனி அதிலிருந்து தமிழை மீட்க முடியாது. மூல எக்ஸெல் கோப்பைத் திறந்து ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று பட்டியலில் தனியாக உள்ள தேர்வில் சேமியுங்கள். கேள்விக்குறிக்குப் பதில் ஐரோப்பிய எழுத்துகள் குழம்பியது போலத் தெரிந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை: கோப்பில் தமிழ் நலமாகத்தான் இருக்கிறது, திறக்கும்போது அதன் குறியாக்கத்தைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

கேள்வி: இருப்பிடம் மட்டுமல்லாமல், கொள்முதல் மதிப்பு, தேய்மானம், பயன்பாட்டு ஆயுள் ஆகியவற்றையும் இதே வழியில் திருத்திவிடலாமா? கழித்த (பயன்பாட்டிலிருந்து நீக்கிய) பொருள்களின் நிலையையும் ஒரே கோப்பில் மாற்றிவிட நினைக்கிறோம். — கணக்குப் பிரிவு வாசகர்

பதில்: இருப்பிடம், பொறுப்பாளர், பொருளின் நிலை, சீரியல் எண், விளக்கம் போன்றவை பொருளைப் பற்றிய விவரங்கள், அவற்றைக் கோப்பில் திருத்தலாம். மதிப்பு, கணக்கில் ஏற்றிய தேதி, இதுவரையிலான தேய்மானம் ஆகியவை கணக்குப் பிரிவின் பேரேட்டோடு (லெட்ஜர்) கட்டுண்டவை. மென்பொருள் அனுமதித்தாலும் அவற்றைப் பதிவேற்றத்தால் தொட வேண்டாம் என்றே சொல்வோம். பதிவேட்டில் மதிப்பு மாறிப் பேரேட்டில் மாறாவிட்டால், ஆண்டு முடிவில் இரண்டும் ஒத்துப்போகாது; எந்த வரியால் வித்தியாசம் வந்தது என்று தேடுவது பதிவேற்றியதைப் போலச் சுலபமாக இருக்காது.

கழித்த பொருள்களுக்கும் இதுவே பொருந்தும். நிலையைக் ‘கழிக்கப்பட்டது’ என்று மாற்றினால் பதிவேட்டுத் திரையில் பொருள் மறையலாம். ஆனால் கழிவுக்கான கணக்குப் பதிவு உருவாகாவிட்டால் பேரேட்டில் அது உயிரோடுதான் இருக்கும், தேய்மானமும் ஓடிக்கொண்டிருக்கும். கழிவை அதற்கென்று உள்ள நடவடிக்கை மூலமாகவே செய்யுங்கள். பொருளின் வகையை மாற்றுவதும் அற்பமான திருத்தம் அல்ல, ஏனென்றால் வகையோடு சேர்ந்து கணக்குத் தலைப்பும் தேய்மான முறையும் மாறக்கூடும்.

பயன்பாட்டு ஆயுளைத் திருத்துவது தனி. சர்வதேசக் கணக்கியல் தரநிலை 16, பயன்பாட்டு ஆயுளையும் எஞ்சிய மதிப்பையும் ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலாவது மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. மதிப்பீடு மாறினால், தரநிலை 8இன்படி அந்த மாற்றம் இனிவரும் காலத் தேய்மானத்தில் காட்டப்படுமே ஒழிய, கடந்த ஆண்டுகளின் கணக்கு திரும்ப எழுதப்படுவதில்லை. ஆகவே, உங்கள் மென்பொருளில் ஆயுளை மாற்றினால் தேய்மானம் மாற்றிய தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறதா, வாங்கிய நாளிலிருந்தே மறுபடியும் கணக்கிடப்படுகிறதா என்பதைச் சோதனைத் தளத்தில் பார்த்து, எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற்றபின் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு கோப்பில் எத்தனை வரிகள் வரை ஏற்றலாம்? — ஒரு வாசகர்

பதில்: பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத் தாளில் 65,536 வரிகளும், இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576 வரிகளும் அடங்கும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டதற்குக் காரணம், தரவு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்குப் போனபோது வரம்பைத் தாண்டிய வரிகள் வெட்டுப்பட்டதே என்று செய்திகள் வெளியாயின. சொத்துப் பதிவேட்டில் அந்த வரம்பை நீங்கள் தொடப்போவதில்லை. உங்கள் மென்பொருளே அதைவிடச் சிறிய வரம்பு வைத்திருக்கும். வரம்பு எதுவானாலும், துறைவாரியாகவோ கட்டடவாரியாகவோ பிரித்து ஏற்றுங்கள். தவறு நேர்ந்தால் ஒரு கட்டடத்தோடு நின்றுவிடும்.

கேள்வி: பொறுப்பாளர் பெயர்களை மொத்தமாகத் திருத்தினோம். எல்லோருக்கும் ‘உங்கள் பெயரில் புதிய சொத்து ஒப்படைக்கப்பட்டுள்ளது’ என்று மின்னஞ்சல் போய்விட்டது. பெயர்களும் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது பதிவேற்றத்துக்கு முந்தைய நிலைக்கே திரும்ப முடியுமா? — நிர்வாகப் பிரிவு வாசகர்

பதில்: மின்னஞ்சல்கள் போனவை போனவைதான், விளக்கம் ஒன்றை அனுப்புவதைத் தவிர வழியில்லை. இனி பதிவேற்றத்தின்போது தானியங்கி அறிவிப்புகளை நிறுத்திவைக்கச் சொல்லி, முடிந்ததும் மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். இரண்டாவதை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.

பதிவேட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலான மென்பொருள்களில் பதிவேற்றத்தை ஒரே சொடுக்கில் திரும்பப் பெறும் வசதி கிடையாது. தரவுத்தளத்தின் பேக்கப்பை மீட்கச் சொல்லித் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் அது உங்கள் தவறோடு சேர்த்து, இடைப்பட்ட நேரத்தில் மற்றவர்கள் செய்த சரியான வேலைகளையும் அழித்துவிடும். ஆகையால் அதைக் கடைசிக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேற்றத்துக்கு முன் இறக்கிவைத்த கோப்பு உங்களிடம் இருந்தால், அதில் சொத்து எண்ணையும் பொறுப்பாளர் பெயரையும் மட்டும் எடுத்து ஒரு மீட்புக் கோப்பு தயாரிக்கலாம். அதை உடனே ஏற்றிவிடாமல், இன்றைய நிலையைப் புதிதாக இறக்கி, மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: முன்பு இருந்த பெயர், நீங்கள் ஏற்றிய பெயர், இப்போது இருக்கும் பெயர். இப்போது இருப்பதும் நீங்கள் ஏற்றியதும் ஒன்றாக இருக்கும் வரிகளை மட்டுமே பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால், உங்களுக்குப் பின் யாரோ அந்தப் பதிவைச் சரிசெய்துவிட்டார் என்று பொருள். அந்த வரியை மீட்புக் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். பதிவேற்றத்தால் புதிதாக உருவான பதிவுகள் இந்த வழியில் மறையாது. அவற்றைத் தனியாகத் தேடித்தான் நீக்க வேண்டும்.

மாற்ற வரலாற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு திருத்தங்கள் தெரியும். அதை மறைக்க முயல வேண்டாம். முதல் கோப்பு, பிழைப் பட்டியல், மீட்புக் கோப்பு, ஒப்புதல் கடிதம் ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் வைத்து, அந்த இடத்தைக் குறிப்பு நெடுவரிசையில் எழுதிவிட்டால், தணிக்கையாளர் கேட்கும்போது காட்டுவதற்கு அது போதும்.